மாவில் பதிந்த கால்

பிள்ளையார் சுழி போட்டுத்தான் தொடங்கியிருக்கிறேன் ராசா. நீ பார்த்துச் சிரிப்பாய் என்று தெரிந்தே, வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகவே போட்டேன். இங்கே எல்லோரும் சுகம். உன் கல்யாண வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. தேவகோட்டைப் பெண்வீட்டார் நாலு நாளைக்கு முன்னால் வந்து முகப்பு முழுவதும் உட்கார்ந்து, பாக்கு வெற்றிலையைக் காலி பண்ணிவிட்டு, பந்தலுக்கு எத்தனை கால் என்பது வரைக்கும் பேசிவிட்டுப் போனார்கள். உன் ரங்கூன் கடிதம் அந்தக் கூட்டத்தின் நடுவில்தான் வந்தது. பெற்ற மகன் எழுதியதைக்கூடப் படிக்க முடியாதபடி உன் அப்பச்சிக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டதால் இப்போதெல்லாம் கடிதங்களை நான்தான் படித்துக் காட்டுகிறேன். உன் கடிதத்தையும் படித்தேன், ஆனால் எட்டுப் பக்கத்தில் ஐந்து பக்கத்தை விட்டுவிட்டுப் படித்தேன். கேட்டு முடித்துவிட்டு அவர் சொன்னார்: "இம்புட்டுத்தானா எழுதியிருக்கான்? கவர் கனமா இருந்துச்சே." நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

விட்டுவிட்ட ஐந்து பக்கத்தில் நாலு பக்கம் நம் ஜனங்களின் மூடத்தனத்தைப் பற்றி. அங்கே நீ போகிற கூட்டங்களில் கேட்டதையும், படிக்கிற பத்திரிகைகளில் இருப்பதையும் சேர்த்து நன்றாகவே எழுதியிருக்கிறாய். சில இடத்தில் எனக்கே கை தட்டலாம் போல இருந்தது. ஐந்தாவது பக்கம்தான் என்னை உட்கார வைத்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் நடக்கிற படைப்பில் மறுபடியும் மாவு பரப்பப் போகிறோம் என்று நான் தெரியாத்தனமாக எழுதிவிட்டேன். அதற்கு நீ, "பரப்பினால் பங்காளிகள் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று பேசுவேன். ஜனங்களுக்கு உண்மையை யாரும் சொல்லாததால்தான் இப்படி இருக்கிறார்கள், சொன்னால் விழித்துக்கொள்வார்கள்" என்று எழுதியிருக்கிறாய். அதோடு விட்டிருக்கலாம். கடைசியில், கையெழுத்துக்கு மேலே, சின்ன எழுத்தில் ஒரு வரி: "அந்தக் கால் யாருடையது ஆத்தா? உண்மையை மட்டும் எழுதுங்கள்."

மேலே இருக்கிற ஐந்து பக்கத்துக்கும் எனக்குப் பதில் தெரியாது. இந்த ஒரு வரிக்குத் தெரியும். ஆனால் உனக்கு அது நிஜமாகவே வேண்டுமா என்பதுதான் எனக்குப் புரியவில்லை. கோபித்துக்கொள்ளாதே, உன்னை மடக்கக் கேட்கவில்லை. மனுஷர்களுக்குத் தங்கள் சாமியைப் பற்றிய உண்மை வேண்டியிருக்கிறதா என்று இருபது வருஷமாக நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உளுந்து புடைக்கும்போதும் யோசிப்பேன், கோயிலில் கண்ணை மூடி நிற்கும்போதும் யோசிப்பேன். என்னைப் போல இதை யோசித்தவள் கண்டனூரில் இன்னொருத்தி இருப்பாளா என்பது சந்தேகம். ஏனென்றால் அந்த உண்மை என் காலடியில்தான் இருந்தது.

உனக்குத் தெரிந்ததையே முதலில் சொல்கிறேன், ஒரு வரிசையாக இருக்கட்டும் என்று. உன்னைப் பெற்றவள் நான் இல்லை. அதை உனக்கு மறைத்து வளர்க்கவும் இல்லை. பத்து வருஷம் பிள்ளை இல்லாமல் இருந்து, போகாத கோயில் இல்லாமல் போய் உன்னைப் பெற்றவள், நீ பிறந்த பத்தாம் நாள் ஜன்னி கண்டு போய்விட்டாள். உன் அப்பச்சி அப்போது பர்மாவில், மோல்மேனில் இருந்தார். பேறுகாலத்துக்கு வந்துவிடுங்கள் என்று அவள் இரண்டு கடிதம் எழுதியிருக்கிறாள். இதோ அடுத்த கப்பலில், இதோ அடுத்த கப்பலில் என்று அவர் பதில் எழுதியிருக்கிறார். அவர் வந்து இறங்கியபோது நீ மூன்று மாதக் குழந்தை. அதற்குப் பிறகு அவர் அக்கரைக்குப் போகவே இல்லை, ஆள் வைத்துத்தான் தொழிலை நடத்தினார். சுமங்கலியாகப் போனவள் என்பதால் அவளுக்கு வருஷா வருஷம் படைப்பு. இரண்டாம் கட்டில் இருக்கிற அந்த ஜன்னல் இல்லாத அறையில் ஓலைப் பேழை, பேழைக்குள் அவளுக்கென்று எடுத்த கண்டாங்கிச் சேலை, மஞ்சள், குங்குமம், சீப்பு, கண்ணாடி. படைப்பன்று புதுச் சேலையை உள்ளே வைத்துவிட்டுப் போன வருஷத்துச் சேலையை வெளியே எடுப்பார்கள். எடுத்த சேலையை அந்த வீட்டில் வாழ வந்தவள் கட்டிக்கொள்ள வேண்டும். வாழ வந்தவள் நான்தான்.

அந்த முதல் சேலையை நான் கட்டியபோது எனக்குப் பதினாறு வயது. கீழச்சிவல்பட்டியிலிருந்து, முப்பத்திமூன்று வயது மனுஷனுக்கு இரண்டாம் தாரமாக வந்திருந்தேன். அவர் நல்ல மனுஷர், அடிக்க மாட்டார், வைய மாட்டார். பேசவும் மாட்டார். சாப்பிட உட்காரும்போது இலையைப் பார்ப்பார், எழுந்திருக்கும்போது வாசலைப் பார்ப்பார். நான் அவருக்கு ஒரு தூண் மாதிரி, மோதிக்கொள்ளாமல் சுற்றிக்கொண்டு போவார். உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டு வளவில் முற்றத்தைச் சுற்றி நடப்பதுதான் எனக்கு இருந்த ஒரே பேச்சுத்துணை. நீயோ அப்போது கடிப்பதைத் தவிர வேறு பாஷை தெரியாதவன்.

மாவு பரப்புவது எல்லார் வீட்டு வழக்கமும் இல்லை. அது உன் அப்பத்தா தான் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது. பேழைக்கு முன்னால் கருங்கல் தரையில் பச்சரிசி மாவைச் சலித்து, ஒரு முழத்துக்கு ஒரு முழம் கண்ணாடி மாதிரி பரப்புவார்கள். இலை போட்டு, இருபத்தொரு வகை வைத்து, விளக்கேற்றி, உச்சிவேளையில் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே காத்திருப்பார்கள். பல்லி சொன்னதும் கதவைத் திறப்பார்கள். வந்து சாப்பிட்டவர் மனம் குளிர்ந்திருந்தால் மாவில் ஒரு அடையாளம் வைத்துவிட்டுப் போவார்களாம், கோபம் என்றால் மாவு அப்படியே கிடக்குமாம். மூன்று வருஷம் மாவு அப்படியே கிடந்தது. ஒவ்வொரு வருஷமும் கதவைத் திறந்ததும் உன் அப்பச்சி முதலில் மாவைத்தான் பார்ப்பார். பார்த்துவிட்டு மேல்துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். பிறகு நாலைந்து நாள் அவருக்குச் சோறு இறங்காது. அவள் எழுதிய அந்த இரண்டு கடிதங்களும் எங்கே இருக்கின்றன என்று எனக்கு அப்போதே தெரியும். அவர் பெட்டியைத் திறந்தால் மேலாக இருக்கும்.

நாலாவது வருஷம். எல்லாம் வைத்து முடித்து எல்லோரும் வெளியே வந்துவிட்டோம். கதவைச் சாத்தப் போகும்போதுதான் பார்த்தேன், தண்ணீர்ச் செம்பு வாசலிலேயே இருக்கிறது. இருபத்தொரு வகை வைத்துவிட்டுத் தண்ணீர் வைக்க மறந்திருக்கிறார்கள். வருகிறவளுக்கு விக்கினால் என்ன செய்வாள் என்று நிஜமாகவே நினைத்தேன் ராசா. இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். வெயிலிலிருந்து போன கண்ணுக்கு உள்ளே ஒன்றும் தெரியவில்லை. கண்டாங்கி முரட்டுச் சேலை, ஓரம் காலில் சிக்கியது. செம்பைக் கொட்டாமல் பிடிக்கப் போய் வலது காலை முன்னால் ஊன்றினேன். கால் சில்லென்று மெத்தென்று இருந்தது. குனிந்து பார்த்தால் மாவில் என் கால், குதிகாலிலிருந்து ஐந்து விரல் வரைக்கும் அச்சாக இருக்கிறது. கையால் அழித்தால் கோடு கோடாக விழும், சல்லடையோ வெளியே. அதற்குள் உன் அப்பத்தா, "உள்ள போயி என்னடி பண்ணுற, கதவைச் சாத்திட்டு இங்குட்டு வா" என்று குரல் கொடுத்தார்கள். செம்பை வைத்தேன், காலைச் சேலையில் துடைத்தேன், வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

சொல்லியிருக்கலாம்தான். சொல்ல வாயெடுப்பதற்குள் பல்லி சொல்லிவிட்டது. கதவைத் திறந்தார்கள். உன் அப்பச்சி முழங்கால் போட்டு விழுந்து, அந்த மாவுக்குப் பக்கத்தில் கன்னத்தைத் தரையில் வைத்துக்கொண்டு, "வந்துட்டியா... என் மேல கோவம் இல்லையா... நான் வந்துருக்கணும்டி, வந்துருக்கணும்" என்று அழுதார். முப்பத்தைந்து வயது ஆண்பிள்ளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை. சுற்றி நின்ற எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன். பயத்தில் அழுதேனா, அவரைப் பார்த்து அழுதேனா, தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அவர் என்னைக் கூப்பிட்டு, "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டார். கல்யாணமாகி இரண்டு வருஷத்துக்கு மேலாகி, அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. அன்றிலிருந்துதான் அவர் எனக்குப் புருஷன். இதை உனக்கு எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மையை மட்டும் எழுதச் சொன்னவன் நீ. அந்தப் பொய்யால் முதலில் பிழைத்தவள் நான் என்பதையும் சேர்த்துத்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு மாதம் என்னால் தூங்க முடியவில்லை. தாங்காமல் உன் அப்பத்தாவிடம் ஒரு நாள் சொல்லிவிட்டேன். அவர்கள் அப்போது வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். "அது என் காலுதான். தண்ணி வைக்கப் போகையில தடுக்கிட்டேன்" என்றேன். திட்டுவார்கள், அறைவார்கள், பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் நின்றேன். அவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தண்ணி வைக்க மறந்தது யாரு?" என்றார்கள். "நாமதான்." "முப்பது வருஷமா இந்த வீட்டுல படைக்கிறேன், நான் என்னைக்காவது மறந்திருக்கேனா? அன்னைக்கு ஏன் மறந்துச்சு? சரி, நீ கட்டியிருந்தது யாரு சேலை?" "அவுக சேலை." "அவ சேலைக்குள்ள இருந்த கால் அவ காலு. போ, காக்கா வந்துரப் போகுது, குச்சிய எடு."

அவ்வளவுதான். நான் கொண்டுபோன உண்மையை வாங்கி, அதையே நாலு மடிப்பு மடித்து, முன்னைவிடப் பெரிய அற்புதமாக்கி என் கையில் கொடுத்துவிட்டார்கள். எனக்கு அப்போது ஆத்திரமாக வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். அவர்களுக்கு உண்மை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? நான் சொன்னதில் ஒன்றைக்கூட அவர்கள் மறுக்கவில்லையே. என் கால் என்பதையும் ஒத்துக்கொண்டார்கள், தடுக்கியதையும் ஒத்துக்கொண்டார்கள். நீ கூட்டத்தில் எழுந்து நின்று பேசப் போகிறாய் அல்லவா, அப்போது பங்காளிகள் சண்டைக்கு வருவார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பாய். சண்டைக்கு வந்தால் சமாளித்துவிடலாம். "அப்படியா, ரொம்பச் சரி" என்று சொல்லிவிட்டு விழுந்து கும்பிட்டால் என்ன செய்வாய் என்று ஒரு தடவை யோசித்து வைத்துக்கொள்.

அடுத்த வருஷம் நான் தடுக்கி விழவில்லை. நின்று, சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, அளந்து காலை வைத்தேன். அதற்கு அடுத்த வருஷமும், அதற்கு அடுத்த வருஷமும். முதல் வருஷம் தவறு, மற்ற மூன்றும் நான் தெரிந்து செய்தது. காலை எடுத்த பிறகு பேழையைப் பார்த்து, "கோவிச்சுக்காதீக" என்று சொல்லிவிட்டு வருவேன். வேடிக்கை என்னவென்றால், இதெல்லாம் பொய் என்று தெரிந்த ஒரே ஆள் நான். அங்கே அவள் இருப்பதாக நினைத்து அவளிடம் பேசியதும் நான்தான்.

இனிமேல் எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம். உனக்கு ஏழு வயது. படைப்பு முடிந்து இரண்டு நாள் இருக்கும். உன் அப்பச்சி ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். நான் உன் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஊஞ்சலை நிறுத்திவிட்டு, என் காலைப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். "இந்தா, ஒண்ணு கேக்கட்டுமா? கடைசியா உள்ள போறது நீதானே" என்றார். "ஆமா, தண்ணி வைக்க." "அந்தக் கால் அவ காலுதானா?" என்றார். அதுவரை யாரும் என்னிடம் அப்படி நேராகக் கேட்டதில்லை. நான் போய்ச் சொன்னபோதுகூட வேண்டாம் என்று திருப்பித் தந்தார்கள். இவரோ தானாக வந்து கையை நீட்டுகிறார். மூன்று வருஷமாக நான் காத்திருந்தது இந்தக் கேள்விக்குத்தான். ஆனால் கேள்வி வந்தபோது என் வாய், "அவுக காலுதான்" என்றது. "சத்தியமா?" என்றார். உன் தலையில் எண்ணெய்க் கை இருந்தது. "பிள்ளை மேல சத்தியமா" என்றேன்.

அவர் மறுபடியும் ஊஞ்சலை ஆட்டத் தொடங்கினார். அன்று அவர் கண்ணில் இருந்தது ஆசையா, சந்தேகமா? இல்லை என்று சொல்லிவிடு, நிம்மதியாகப் போகிறேன் என்று கேட்டாரா, இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதே என்று கேட்டாரா? அந்த முகத்தை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன், இன்னும் பிடிபடவில்லை. ஜனங்களுக்கு உண்மை வேண்டாம் என்று யாராவது என்னிடம் சொன்னால், இந்த ஒரு சாயங்காலத்தை நினைத்துத்தான் நான் வாயை மூடிக்கொள்வேன். கேட்ட மனுஷன் ஒருத்தர் இருந்தார். கொடுக்கத்தான் எனக்குத் தைரியம் இல்லை.

அந்த மாதமே உன் கால்மேல் பெட்டி விழுந்தது. மோல்மேன் தேக்கில் இரும்புப் பட்டை போட்ட பெட்டி, நாலு ஆள் தூக்குவது. மச்சிலிருந்து இறக்கும்போது நீ குறுக்கே ஓடினாய். மாட்டுவண்டியில் உன்னைப் போட்டுக்கொண்டு தேவகோட்டை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வழியெல்லாம் நீ கத்தினாய். கால் தப்பியது. வலது கால் சுண்டுவிரல் மட்டும் நசுங்கி, ஆறும்போது மேலே தூக்கிக்கொண்டுவிட்டது. பெட்டி ஏன் விழுந்தது என்று எனக்குத் தெரியும், கயிறு இற்றுப்போயிருந்தது, நானே கண்ணால் பார்த்தேன். ஆனாலும் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து நான் தலையில் அடித்துக்கொண்டது கயிற்றை நினைத்து இல்லை. உன் தலையில் கை வைத்துப் பொய்ச் சத்தியம் செய்ததை நினைத்து. நீ இந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, "ஆத்தா, இது மூடத்தனம்" என்று ஓரத்தில் எழுதுவாய். எழுது, நானும் உன் கட்சிதான். மாவில் கால் எப்படி விழுகிறது என்று தெரிந்தவளுக்குக் கயிறு எப்படி அறுகிறது என்று தெரியாதா? தெரியும். தெரிந்தும் நெஞ்சு கேட்கவில்லை. எனக்கென்று வயிற்றில் ஒன்று பிறக்கவில்லை, இருந்தது நீ ஒருத்தன்தான்.

இனிக் கால் வைப்பதில்லை என்று அங்கேயே முடிவு பண்ணினேன். அடுத்த வருஷம் செம்பை வைத்துவிட்டு மாவைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன். பல்லி சொல்லி, கதவு திறந்து, மாவு வெறுமையாகக் கிடந்தது. உனக்கு அப்போது எட்டு வயது, என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உன் அப்பச்சி மேல்துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு போனதை நீயும் பார்த்தாய். அந்த வருஷம் நாலைந்து நாளோடு போகவில்லை. இலை முன்னால் உட்காருவார், பிசைவார், எழுந்து போவார். என்னோடு பேச்சு குறைந்தது. நீ ஒரு நாள் என்னிடம் வந்து, "அப்பச்சி என்னாலதான் அழுகுறாகளா? என் கால் ஒடிஞ்சதுல என்னையப் பெத்த ஆத்தாவுக்குக் கோவமா?" என்று கேட்டாய். "போடா, போயிப் படி" என்று விரட்டினேன். அதற்கு நின்று பதில் சொல்லியிருக்க வேண்டும். நான் பண்ணிய பிழைகளில் இது சின்னதில்லை என்று இப்போது தெரிகிறது.

அதற்கு அடுத்த வருஷப் படைப்புக்கு நான் வீட்டில் இல்லை. கீழச்சிவல்பட்டியில் என் அப்பச்சி தவறிப்போய், தீட்டோடு அங்கே இருந்தேன். திரும்பி வந்தால் வீடே பண்டிகை மாதிரி இருக்கிறது. "ஆச்சி, கால் விழுந்துருச்சு" என்று வாசலிலேயே சொல்கிறார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான் ஊரில் இல்லை, நான் வைக்கவில்லை, அப்படியானால் யார் வைத்தது? அந்த அறைக்குப் போகிற வரைக்கும் நான் முழுசாக நம்பினேன் ராசா. அவள்தான் வந்திருக்கிறாள் என்று நம்பினேன். அந்தப் பத்தடி தூரம் எனக்கு இருந்த சந்தோஷமும் பயமும் பிறகு எந்தக் கோயிலிலும் எனக்கு வந்ததில்லை. மாவைக் கூட்டாமல் வைத்திருந்தார்கள். குனிந்து பார்த்தேன். சின்னக் கால், ஒரு சாண்கூட இல்லை. நாலு விரல்தான் பதிந்திருந்தது. சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தில் மாவு கலையாமல் இருந்தது.

உன் அப்பத்தா அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள். "தெய்வமாயிட்டவளுக்குச் சுண்டுவிரல் பூமியில படாது" என்று வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நீ தூணுக்குப் பின்னால் நின்று அப்பச்சி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் உன்னைக் கேட்கவில்லை. இந்தப் பதினைந்து வருஷத்தில் ஒரு நாளும் கேட்கவில்லை. அப்பச்சி அந்த மாவுக்குப் பக்கத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாராம். அழவில்லையாம். எழுந்து, "போதும். இனிமே மாவு பரப்ப வேணாம்" என்று மட்டும் சொன்னாராம். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. அவள் மனம் குளிர்ந்துவிட்டாள், இனிக் கேட்க வேண்டாம் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். அன்று ராத்திரி அவர் உன்னைத் தன் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டார் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

ஆகையால் உன் கேள்விக்குப் பதில் இது: நாலு வருஷம் என் கால். ஐந்தாவது யாருடையது என்று என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். இப்போது சொல், சின்ன எழுத்தில் அந்த வரியை எழுதியது யார்? கூட்டத்தில் பேசப் போகிற பெரிய மனுஷனா? இல்லை, தன் கால் ஒன்றுதான் பொய், முந்தி விழுந்ததெல்லாம் நிஜமாகப் பெற்ற ஆத்தா காலாக இருக்க வேண்டும் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்த ஒன்பது வயதுப் பிள்ளையா? பின்னவன் என்றால் என்னை மன்னித்துவிடு ராசா. அவனுக்கு இந்தக் கடிதம் நல்ல செய்தி இல்லை. எழுதாமல் விட்டுவிடலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். ஆனால் ஒரு தடவை நேராகக் கேட்ட மனுஷனுக்குப் பொய் சொல்லிப் பார்த்துவிட்டேன். இன்னொரு தடவை என்னால் முடியாது. அவள் மாவில் கால் வைக்கவில்லை என்பதுதான் எனக்குத் தெரியும், அவள் வரவில்லை என்று எனக்குத் தெரியாது. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. நானும் குழப்பிக்கொள்ளாமல் இருக்கத்தான் பார்க்கிறேன்.

போன மாதம் உன் அப்பச்சியே சொன்னார்: "பையன் கல்யாணத்துக்கு ஒரு தடவை மாவு பரப்பு. அவ வந்துட்டுப் போறாளான்னு பாக்கணும்." பதினைந்து வருஷம் கழித்து ஏன் கேட்கிறார் என்று நான் கேட்கவில்லை. உன் கடிதம் வந்த மறுநாள் நானாகவே, "பையனுக்கு இதெல்லாம் பிடிக்காது போலருக்கு" என்று மெதுவாக எடுத்தேன். சிரித்தார். "அவன் தண்ணி வைக்கட்டும்" என்றார். கண் தெரியாத மனுஷர், மாவை விரலால்தான் தடவிப் பார்ப்பார். அந்த விரலுக்கு நாலு விரலும் ஐந்து விரலும் வித்தியாசம் தெரியும்.

அதனால் நான் ஒன்றும் ஒளித்து வைக்கப் போவதில்லை. மாவை நானே சலித்து, நானே பரப்பி வைப்பேன். உச்சிவேளைக்குச் செம்பை உன் கையில் கொடுப்பேன். உள்ளே போய் நீ காலை வைப்பாயோ, சுற்றிக்கொண்டு வருவாயோ, கதவைத் திறந்து போட்டுப் பங்காளிகள் எல்லோருக்கும் இந்தக் கடிதத்தையே படித்துக் காட்டுவாயோ, உன் இஷ்டம். படித்தாலும் எனக்கு வெட்கம் இல்லை. படிப்பதற்கு முன்னால் அப்பச்சியின் முகத்தை மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள். நான் இருபது வருஷமாக அதில் தேடியது உனக்காவது தெரிகிறதா என்று எனக்குச் சொல். என்ன நடந்தாலும் நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

அவர் ஒருவேளை உன்னிடமும் நேராகவே கேட்பார். உனக்குத் தோன்றியதைச் சொல். சத்தியமா என்று கேட்டால் மட்டும், யார் தலையிலும் கை வைத்துவிடாதே. அதை நான் இன்னும் நம்புகிறேன்.

உன் ஆத்தா